இரண்டு கொப்பிகள்

மதிப்புக்குரிய ஐயா,

தெஹிவளையில் இருந்து எழுதுகிறேன். மென்பொருள் வேலை. நண்பர்கள் நால்வர் சேர்ந்து தமிழுக்கென்று பிளாக்செயினில் (பல கணினிகள் சேர்ந்து காக்கும் ஒரே பொதுக் கணக்குக் கொப்பி) ஒரு சமூக வலைத்தளம் கட்டுகிறோம். எத்தீரியம் என்கிறார்கள் இருவர், சொலானா என்கிறான் ஒருவன். போட்டி போடும் இரண்டு செயின்களிலும் ஒரே தளம் தழைக்க முடியுமா? யாராலும் தடைசெய்ய முடியாத தளம். எழுதினால் காசும் உண்டு. நீங்களும் எழுத வேண்டும்.

கே.

அன்புள்ள தம்பி,

கடிதத்தைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தில் ‘செயின்’ 17 தடவை வருகிறது. யார் எழுதப்போகிறார்கள், யார் வாசிக்கப்போகிறார்கள் என்று ஒரு வரி இல்லை.

காசை விடும். தடைசெய்ய முடியாது என்கிறீர். 2022 ஏப்ரல் 3, ஞாயிற்றுக்கிழமை, ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் இங்கே இலங்கையில் அரசின் தடையால் அரை நாளுக்கு மேல் முடங்கிக் கிடந்தன. தடையைச் சுற்றிப் போகும் விபிஎன் போட்டவன் கதைத்தான், மற்றவன் வீதிக்கு இறங்கினான். செயின் எந்த நாட்டில் ஓடினாலும் உம்முடைய போனுக்கு அது வருவது இங்குள்ள கம்பி வழியாகத்தான்.

நீர் கேட்டதற்குப் பதில்: முடியும். ஃபார்காஸ்டர் என்று இப்படியொரு சமூக வலைத்தளம்; அதில் ஆளின் அடையாளம் மட்டும் ஆப்டிமிசம் செயினில் பதிவாகிறது, எழுதுவதெல்லாம் வெளியே வேறு கணினிகளில். லென்ஸ் என்ற இன்னொன்று 2022இல் பாலிகன் செயினில் தொடங்கி 2025இல் தனக்கென்று ஒரு செயின் கட்டிக் குடிபெயர்ந்தது. எழுதுகிறவனுக்கு அடியில் ஓடுவது எது என்று தெரியவே தேவையில்லை. வெள்ளவத்தையில் இடியப்பம் தின்பவன் மாவு எந்த மில்லில் அரைத்தது என்று கேட்கிறானா?

எனக்குக் கோபம் வருவது ‘போட்டி போடும் செயின்கள்’ என்ற இடத்தில். செயினா போட்டி போடுகிறது?

ஸ்டீமிட் கதை உமக்குத் தெரிந்திருக்கும். 2016இல் வந்த தளம். எழுதினால் நாணயம்; செயினை யார் நடத்துவது என்று தீர்மானிக்க, பூட்டிவைத்த நாணயத்தின் அளவுக்கு வாக்கு. ட்ரான் செயினைத் தொடங்கிய ஜஸ்டின் சன் 2020 பெப்ரவரியில் ஸ்டீமிட் நிறுவனத்தை வாங்கினார். செயினை நடத்தி வந்தவர்கள் பயந்துபோய் நிறுவனத்தின் நாணயங்களை முடக்கினார்கள். மார்ச்சில் பைனான்ஸ், ஹுவோபி, பொலோனியெக்ஸ் என்ற மூன்று நாணயச் சந்தைகளும் வாடிக்கையாளர் வைப்பிலிட்டிருந்த நாணயங்களை வைத்தே வாக்குப் போட்டு அவர்களைக் கீழே இறக்கின. மார்ச் 20இல் பழையவர்கள் செயினை அப்படியே பிரதியெடுத்து, நிறுவனத்தின் பங்கை விட்டுவிட்டு, ஹைவ் என்று தனியாகப் போனார்கள்.

இதை வாசித்து நான் சிரித்தேன். ஏனென்றால் நாங்கள் இதைக் கம்ப்யூட்டர் இல்லாமலே செய்தவர்கள்.

தொண்ணூறுகளில் புறக்கோட்டையில் ஒரு புடவைக்கடை மேல்மாடியில் எங்கள் வாசகர் வட்டம். இருபது பேர், ஒரு அலுமாரி, புத்தகம் இரவல் போன கணக்குக்கு ஒரு சீ.ஆர். கொப்பி. இடம் தந்த முதலாளிக்குத் தலைவராக ஆசை. வருடாந்தக் கூட்டத்துக்கு முதல் வாரம், தன் கடைப் பொடியன்கள் முப்பது பேருக்கும் சந்தாவைத் தானே கட்டினார். கூட்டத்தன்று அவர்கள் வரிசையாக வந்து நின்றார்கள், ஒருவன் கையில் முழக்கோலோடு. கையைத் தூக்கச் சொன்னபோது தூக்கினார்கள். பாவம், அந்தப் பொடியன்களில் எனக்கு இன்றுவரை கோபமில்லை. அவர்களுடைய கை, வேறொருவருடைய வாக்கு.

நாங்கள் என்ன செய்தோம்? செயலாளர் அந்தக் கொப்பியை ஒரே இரவில் வரிக்கு வரி பார்த்தெழுதினார். முப்பது புதுப்பெயர்களை மட்டும் விட்டுவிட்டார். அடுத்த ஞாயிறு வெள்ளவத்தையில் ஒரு வீட்டு விறாந்தையில் புது வட்டம். அவர்களுக்கும் அதே கொப்பி, எங்களுக்கும் அதே கொப்பி. ஆனால் கொப்பியில் இல்லாத ஒன்று இருந்தது. வாசித்த கதையைத் திட்டிவிட்டு, திட்டு வாங்கியவனோடு சேர்ந்தே பஸ் ஏறிப் போகிற பழக்கம். அதை யாராலும் பார்த்தெழுத முடியவில்லை. விறாந்தையில் எல்லோரும் ஒரே கட்சி. திட்ட ஆளில்லை. மேல்மாடியில் முதலாளி பேச, பொடியன்கள் கேட்டார்கள். எட்டு மாதத்தில் இரண்டும் படுத்துவிட்டன. இடம் இல்லாமல் அல்ல. சனிக்கிழமை அங்கும் ஞாயிற்றுக்கிழமை இங்கும் வந்து, அங்கே கேட்டதை இங்கே சொல்லிச் சண்டை மூட்டிய கிழவர் ஒருவர் இருந்தார். அவர் இருந்தவரைக்கும் இரண்டிலும் உயிர் இருந்தது. அவர் ஊருக்குப் போனதோடு சரி.

அந்தக் கிழவரைப் போல நாலு பேரை முதலில் தேடும், தம்பி. எத்தீரியமா சொலானாவா என்று நீங்கள் நால்வரும் சீட்டுக் குலுக்கிப் பார்த்தாலும் எனக்கு ஒன்றுதான். நான் எழுதுகிறேன். ஆனால் என்னைத் திட்ட ஒருவர் அங்கே இருக்க வேண்டும்.

பிரிந்த வாரம் என் கையில் வட்டத்தின் புத்தகம் ஒன்று இருந்தது. எந்த வட்டத்துக்குத் திருப்பிக் கொடுப்பது என்று தெரியாமல் வைத்திருந்தேன். இன்னும் என் அலுமாரியில்தான் இருக்கிறது. இரண்டு கொப்பியிலும் நான் கடன்காரன்.