பின்வாசலில் பாம்பு: பினாயில் உதவாது

பினாயில், பூண்டுத் தண்ணீருக்கெல்லாம் பாம்பு நிற்காது. அந்தச் செலவை விடுங்கள். சென்னை நன்மங்கலம் காட்டை ஒட்டிய வில்லாவில், மழைக்குப் பிறகு பின்வாசலில் அடிக்கடி பாம்பு என்கிறீர்கள். காட்டைவிட எலிதான் காரணமாக இருக்கும்.

ராத்திரி சுவரோரம், கழிவுநீர்க் குழாய் வாயருகே கோலப்பொடியை மெல்லிசாகத் தூவுங்கள். காலையில் எலித்தடம் தெரிந்தால் அங்கே கம்பிவலை அடியுங்கள். கதவடி இடைவெளியை ரப்பர் பட்டையால் மூடுங்கள். அப்புறம், வெளியே வைக்கும் நாய்ச்சோறு... எலிக்கு விருந்தே அதுதான்.

ஒன்று: விஷமில்லாதது என்று நீங்களே முடிவுகட்டாதீர்கள். கட்டுவிரியனைப் போலவே வெள்ளை வரியுள்ள சாதுப் பாம்பும் உண்டு. அடிக்காதீர்கள், 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம், வனத்துறையைக் கூப்பிடுங்கள். கட்டுவிரியன் கடித்தால் வலி, வீக்கம் அதிகம் இருக்காது. அதை நம்பிக் காத்திருக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.