மொழிப் பட்டமா, துணைப்பாடமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பல்கலைக்கழகத்தில் இயற்பியல் சேரப் போகிறேன். கூடவே ஜப்பானியமோ ஜெர்மனோ படிக்க ஆசை. பேசாமல் மொழியையே முதன்மைப் பாடமாக எடுத்துவிடலாமா, துணைப்பாடம் போதுமா, அல்லது மொழி மையத்தின் சான்றிதழ் வகுப்பா? எதில் சேர்ந்தால் பேச வரும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

படிப்பின் பெயரை விடுங்கள், வகுப்பு மணிநேரத்தை எண்ணுங்கள். வாரம் 4 மணிநேரம், செமஸ்டருக்கு 14 வாரம் என்றால் 56 மணிநேரம். ஆறு செமஸ்டர் விடாமல் போனாலும் 336தான். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிலையம் தன் அதிகாரிகள் அலுவல் நடத்தும் அளவுக்குத் தேற, ஸ்பானிஷுக்கு ஏறக்குறைய 600 முதல் 750 வகுப்பு மணிநேரம் ஒதுக்குகிறது, ஜப்பானியத்துக்கு ஏறக்குறைய 2,200. ஜெர்மன் இரண்டுக்கும் இடையில், ஸ்பானிஷுக்குச் சற்று மேலே. ஆங்கிலம் தாய்மொழியானவர்களுக்கான கணக்கு இது. வினை கடைசியில் வருவதும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவதும் நமக்குப் பழக்கம் என்பதால் ஜப்பானிய இலக்கணத்தில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கென வகுத்த 2,136 காஞ்சி எழுத்துகளில் (சீனத்திலிருந்து வந்த பட எழுத்துகள்) அந்தச் சலுகை கிடையாது. ஆக, எந்த வழியில் போனாலும் பாதிக்கு மேல் சொந்த உழைப்புதான்.

மொழிப் பட்டத்தில் மணிநேரம் கூடுதல், உண்மை. ஆனால் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டுக்குப் பிறகு பாரம் இலக்கியம், வரலாறு, மொழியியல் பக்கம் சாய்ந்துவிடும். மூன்றாம் ஆண்டுப் பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள். அதில் இருக்கும் நாவல்களையும் கட்டுரைகளையும் படிக்க ஆசை வந்தால் சேரலாம். பேசுவது மட்டும் நோக்கமென்றால் இயற்பியலை விட வேண்டியதில்லை.

உங்களுக்குத் துணைப்பாடம் சரி. சான்றிதழ் வகுப்பும் மோசமில்லை. ஆனால் மதிப்பெண் கணக்கில் சேராததை ஆய்வகத் தேர்வு நெருங்கும்போது முதலில் கைவிடுவோம், மனித இயல்பு. துணைப்பாடத்தில் ஒரு பொறி உண்டு: கையேட்டில் ஆறு நிலை போட்டிருப்பார்கள், ஆள் சேராமல் நான்காம் நிலை நடக்காமல் போகும். கடந்த இரண்டு ஆண்டுக் கால அட்டவணையைக் கேட்டு வாங்கி, மேல்நிலை வகுப்பு உண்மையில் நடந்ததா என்று பாருங்கள்.

நிலை அறியும் தேர்வில் குருட்டாம்போக்கில் விடையைக் குறிக்காதீர்கள். தகுதிக்கு மேலான வகுப்பில் போய் உட்கார நேரும். தொடக்க வகுப்பிலும் சிக்கல் இருக்கிறது. மொழியை ஏற்கெனவே அறிந்தவர்கள் சுலப மதிப்பெண்ணுக்காக வந்து அமர்ந்திருப்பார்கள். இரண்டாம் வாரமே வகுப்பு அவர்கள் வேகத்துக்கு ஓடும். அறவே தெரியாதவர்களுக்கெனத் தனிப் பிரிவு உண்டா என்று விசாரியுங்கள்.

ஒரு பருவம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பரிமாற்ற செமஸ்டர் போகும் எண்ணம் இருந்தால் பல இடங்களில் ஓராண்டு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். பாடம் அந்நாட்டு மொழியில் என்றால் பொதுவாக பி1 அல்லது பி2 (ஐரோப்பிய மொழித் திறன் அளவுகோலின் இடைநிலைகள்) கேட்பார்கள். அங்கே படிக்கும் இயற்பியல் தாள்களில் எவை இங்கே கணக்கில் சேரும் என்பதைக் கிளம்பும் முன் எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய்வார்த்தையை நம்பிப் போனவர்கள் திரும்பி வந்து அதே தாளை மறுபடி எழுதுகிறார்கள்.

ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் (தொடக்க நிலையான என்5 முதல் உச்ச நிலையான என்1 வரை) பேசுவதும் இல்லை, எழுதுவதும் இல்லை; சொல்லும் இலக்கணமும், வாசிப்பதும் கேட்பதும்தான். நீங்கள் கேட்பதோ பேச்சு. கதே நிறுவனத்தின் ஜெர்மன் தேர்வில் பேச்சுக்குத் தனிப் பகுதி உண்டு. ஜப்பானியம் எடுத்தால் பேச்சுப் பயிற்சிக்கு, உங்கள் மொழியைக் கற்கும் ஜப்பானிய மாணவர் ஒருவரைப் பரிமாற்ற அலுவலகம் வழியாகப் பிடித்து, பாதி நேரம் அவர் மொழி, பாதி நேரம் உங்கள் மொழி என்று கறாராகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒரே நாளில் நான்கு மணிநேரமும் நடக்கும் பிரிவைத் தவிர்த்து, நான்கு நாள் ஒவ்வொரு மணிநேரமாக வருவதை எடுங்கள். அது ஆய்வக நேரத்தோடு மோதுகிறதா என்று பதிவு தொடங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.