அப்டேட்டுக்கு அப்புறம் பிரிண்டர் படுத்துவிட்டதா? கேள்வி பதில்

மைக்ரோசாஃப்ட் தன் மாதாந்திர அப்டேட்டை இரண்டாம் செவ்வாய்க்கிழமை வெளியிடும். நம் ஊர்க் கணக்கில் அது இரவு பத்தரை, பதினொன்றரை. அதனால் புதன் காலை கடை திறந்ததும் என் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். ஆபீஸ், பள்ளி, மில் என்று பல வருடமாக பிரிண்டர்களோடும் சர்வர்களோடும் மல்லுக்கட்டி வருகிறேன். இந்த முறை வந்த கேள்விகளுக்கு ஒரே மூச்சில் பதில் எழுதிவிடுகிறேன். கேட்டவர்கள் பெயர் வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

கேள்வி: அண்ணா, ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். ஒரு கம்ப்யூட்டரில் லேசர் பிரிண்டரை யுஎஸ்பியில் மாட்டி, மற்ற ஆறு பேருக்கும் ஷேர் செய்திருக்கிறோம். அந்த கம்ப்யூட்டரில் ரொம்ப நாளாக அப்டேட்டை அணைத்து வைத்திருந்தோம், போன வாரம் ஓட விட்டோம். இப்போது நாலு பேருக்கு பிரிண்ட் வருகிறது. இரண்டு பேருக்கு மட்டும் "பிரிண்டருடன் இணைய முடியவில்லை" என்று வந்து, 11பி என்று முடியும் ஒரு எண்ணைக் காட்டுகிறது.

பதில்: தம்பி, "நாலு பேருக்கு வருகிறது" என்று சொன்னீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. பிரிண்டர், கேபிள், டிரைவர் (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்), ஷேரிங் நான்கும் சரி. தகராறு அந்த இரண்டு கம்ப்யூட்டருக்கும் ஹோஸ்டுக்கும் (பிரிண்டர் மாட்டியிருக்கும் கம்ப்யூட்டர்) இடையில் நடக்கும் பேச்சில்தான்.

பிரிண்ட் கொடுக்கும்போது உங்கள் மேசைக் கம்ப்யூட்டரில் இருக்கும் ஸ்பூலர் (அச்சு வேலைகளை வரிசையில் வைத்து அனுப்பும் விண்டோஸ் சேவை), ஹோஸ்டில் இருக்கும் ஸ்பூலரோடு ஆர்பிசி என்ற முறையில் பேசும். அந்தப் பேச்சை நடுவில் யாரும் புகுந்து ஏமாற்ற முடியாதபடி மறையாக்கம் செய்யும் பேட்ச் (பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் திருத்தம்) 2021 ஜனவரியில் வந்தது. முதலில் விரும்பினால் மட்டும் என்று விட்டிருந்தார்கள். 2021 செப்டம்பர் அப்டேட்டில் கட்டாயமாக்கினார்கள். உங்கள் ஹோஸ்ட் இத்தனை நாள் தூங்கிவிட்டு இப்போது விழித்து, "மறையாக்கம் இல்லாமல் பேசினால் காது கொடுக்க மாட்டேன்" என்கிறது. அந்த இரண்டு கம்ப்யூட்டருக்கு அப்படிப் பேசத் தெரியவில்லை. அவை விண்டோஸ் 7 என்று நினைக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-ல் முடிந்துவிட்டது. அப்புறம் வந்த பேட்ச்கள் தனியாகப் பணம் கட்டியவர்களுக்குத்தான் கிடைத்தன.

யூடியூபில் இதற்கு எல்லோரும் ஒரே வைத்தியம் சொல்வார்கள். ஹோஸ்டின் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் இடம்) சிஸ்டம், கரண்ட் கண்ட்ரோல் செட், கண்ட்ரோல், பிரிண்ட் என்று உள்ளே போய், "ஆர்பிசி ஆத்தன் லெவல் பிரைவசி எனேபிள்ட்" என்ற பெயரில், இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக எழுதி, டிவேர்ட் வகையில் ஒரு மதிப்பு உருவாக்கி 0 போட்டு, ஸ்பூலரை மறுபடி தொடங்குவது. வேலை செய்யும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு பேருக்காக ஏழு பேரின் பூட்டையும் கழற்றி வைப்பதாகும் அது. வாடிக்கையாளரின் வரிக் கணக்கு இருக்கும் ஆபீஸில் நான் செய்ய மாட்டேன்.

அதற்குப் பதில் இந்த இரண்டு கம்ப்யூட்டரில் மட்டும் இப்படிச் செய்து பாருங்கள். பிரிண்டரைச் சேர்க்கும்போது நெட்வொர்க்கில் தேடாமல் "லோக்கல் பிரிண்டர்" என்று கொடுங்கள். புதிய போர்ட், வகை லோக்கல் போர்ட். போர்ட்டின் பெயர் கேட்கும் இடத்தில் இரண்டு பின்சாய்கோடு, ஹோஸ்ட் பெயர், ஒரு பின்சாய்கோடு, பிரிண்டரின் ஷேர் பெயர். டிரைவரை அங்கேயே நிறுவிக்கொள்ளுங்கள். இப்போது ஸ்பூலர்கள் ஒன்றோடொன்று பேசத் தேவையில்லை. சாதாரண ஃபைல் போவதுபோல பிரிண்ட் வேலை ஹோஸ்டுக்குப் போய்விடும். பிரிண்டரின் பின்புறம் லேன் கேபிள் மாட்டும் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் இந்த ஹோஸ்ட் ஏற்பாடே வேண்டாம்.

கேள்வி: பள்ளிக் கணினி ஆசிரியை நான். சர்வரில் இருக்கும் பிரிண்டரை ஆய்வகக் கணினிகளில் சேர்த்திருந்தோம். சர்வரில் டிரைவரைப் புதுப்பித்ததிலிருந்து மாணவர்கள் பிரிண்ட் கொடுத்தால் அட்மின் பாஸ்வேர்டு கேட்கிறது. ஒவ்வொரு கணினியாகப் போய்ப் போட்டுக் கை வலிக்கிறது சார்.

பதில்: மேடம், இது 2021-ல் "பிரிண்ட் நைட்மேர்" என்று பெயர் வாங்கிய பாதுகாப்பு ஓட்டையின் எச்சம். அந்த வருடம் ஜூன் கடைசியில் ஆராய்ச்சியாளர்கள் சிலர், இது ஏற்கனவே அடைக்கப்பட்டுவிட்டது என்ற நினைப்பில் தாக்குதல் நிரலை வெளியிட்டுவிட்டார்கள். அடைபடவில்லை. ஸ்பூலரிடம் "இது பிரிண்டர் டிரைவர்" என்று சொல்லி எந்த நிரலையும் முழு அதிகாரத்தோடு ஓட்ட முடிந்தது. ஜூலை 6-ல் அவசர பேட்ச் வந்தது. ஆகஸ்ட் 10 அப்டேட்டிலிருந்து, சர்வரிலிருந்து டிரைவர் இறங்கவேண்டுமென்றால் அட்மின் ஒப்புதல் வேண்டும் என்பது இயல்பான அமைப்பாகிவிட்டது.

ஆக, பாஸ்வேர்டு கேட்பது கோளாறு இல்லை. சர்வரில் இருக்கும் டிரைவர் பதிப்பும் ஆய்வகத்தில் இருக்கும் பதிப்பும் வேறுவேறாக இருப்பதால்தான் கேட்கிறது. சர்வரில் போட்ட அதே டிரைவர் கோப்பை ஆய்வகக் கணினிகளிலும் நிறுவிவிட்டால் கேட்பது நின்றுவிடும். டொமைன் (எல்லாக் கணினிகளையும் ஒரே சர்வரிலிருந்து நிர்வகிக்கும் ஏற்பாடு) இருக்கிறதல்லவா? கணினி தொடங்கும்போது ஓடும் ஸ்கிரிப்டாக, அந்த டொமைனின் பொது அமைப்பான குரூப் பாலிசியில் வையுங்கள். அது சிஸ்டம் அதிகாரத்தில் ஓடுவதால் யாரிடமும் பாஸ்வேர்டு கேட்காது. அந்தக் கட்டுப்பாட்டையே ரெஜிஸ்ட்ரியில் 0 ஆக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால், பிள்ளைகள் உட்காரும் ஆய்வகத்தில் தயவுசெய்து வேண்டாம்.

கேள்வி: பிங் போகிறது (நெட்வொர்க்கில் கூப்பிட்டால் பதில் வருகிறது), ஆனால் சர்வரில் பிரிண்டர் "ஆஃப்லைன்" என்று மங்கலாகவே இருக்கிறது. அப்டேட்டை நீக்கியும் பார்த்தாயிற்று.

பதில்: அப்டேட் பாவம். அது செய்ததெல்லாம் சர்வரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்ததுதான். மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்த சர்வர் நின்று எழும்போது பழைய குறைகள் வெளியே வரும். பிரிண்டர் ப்ராப்பர்டீஸில் போர்ட்ஸ் பக்கத்தைத் திறந்து, டிக் போட்ட வரியைப் படியுங்கள். டபிள்யூஎஸ்டி என்று ஆரம்பித்தால் அதுதான் குற்றவாளி. அது பிரிண்டரைத் தானாகத் தேடிப்பிடிக்கும் வகை, சர்வருக்கு ஏற்றதில்லை. ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட் ஒன்றை பிரிண்டரின் ஐபி எண்ணோடு உருவாக்கி அதற்கு மாற்றுங்கள். பெரும்பாலான பிரிண்டர்களுக்கு ரா முறை, போர்ட் எண் 9100.

ஏற்கனவே அந்த வகைதான் என்றால் "கன்ஃபிகர் போர்ட்" அழுத்துங்கள். கீழே எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் என்று ஒரு டிக் இருக்கும். சர்வர் அதன் வழியாக "நலமா?" என்று கேட்டு, பிரிண்டர் பதில் சொல்லாவிட்டால் உடனே ஆஃப்லைன் பட்டம் கட்டிவிடும். டிக்கை எடுத்துவிட்டு ஒரு பக்கம் அனுப்பிப் பாருங்கள். பத்தில் எட்டு முறை அங்கேயே முடிந்துவிடும். அப்புறம் ரூட்டரில் அந்த பிரிண்டருக்கு ஐபி எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். ஒதுக்காவிட்டால் எண் மாறிவிடலாம்; பழைய எண் வேறொருவரின் போனுக்குப் போய், பிங்குக்கு அந்தப் போன் பதில் சொன்ன கதையும் எனக்கு நடந்திருக்கிறது.

கேள்வி: ஸ்பூலர் தொடங்கிய அரை நிமிடத்தில் தானாக நின்றுவிடுகிறது. கியூவில் (காத்திருக்கும் அச்சு வேலைகளின் வரிசை) ஒரு டாக்குமெண்ட் "டெலீட்டிங்" என்று நிற்கிறது, போகமாட்டேன் என்கிறது.

பதில்: அட்மினாக கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து "நெட் ஸ்டாப் ஸ்பூலர்". பிறகு விண்டோஸ் ஃபோல்டர், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ். உள்ளே ஒவ்வொரு வேலைக்கும் ஒரே எண்ணில் இரண்டு ஃபைல் இருக்கும்: எஸ்பிஎல் என்பது அச்சாகவேண்டிய சரக்கு, எஸ்எச்டி என்பது யார் அனுப்பியது, எந்த பிரிண்டர் என்ற குறிப்பு. இரண்டையும் சேர்த்து அழியுங்கள். அழிக்கவேண்டியது உள்ளே இருப்பதை மட்டும், அந்த ஃபோல்டரை அல்ல. "நெட் ஸ்டார்ட் ஸ்பூலர்".

காலியான கியூவோடும் நின்றுபோனால் ஏதோ ஒரு டிரைவர் ஸ்பூலரைச் சாய்க்கிறது. பிரிண்ட் மேனேஜ்மென்ட்டில் டிரைவர்ஸ் பட்டியலுக்குப் போய், சந்தேகப்படும் டிரைவரின் மேல் ரைட் கிளிக் செய்து "ஐசொலேட்டட்" ஆக்குங்கள். அது விழுந்தாலும் தனியாக விழும், மற்ற பிரிண்டர்கள் ஓடும்.

கேள்வி: புது லேப்டாப், விண்டோஸ் 11 24எச்2. பழைய கம்ப்யூட்டரில் இருக்கும் ஷேர் பிரிண்டர் கண்ணிலேயே படவில்லை. அந்தக் கம்ப்யூட்டருக்கு பாஸ்வேர்டு கிடையாது.

பதில்: பாஸ்வேர்டு இல்லாததுதான் காரணம். 24எச்2-விலிருந்து ப்ரோ, எண்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில், ஷேர் இணைப்புக்கு விண்டோஸ் பயன்படுத்தும் எஸ்எம்பி முறையில் கையொப்பம் இயல்பாகவே கட்டாயம். பாஸ்வேர்டு இல்லாமல் கெஸ்டாக நுழைபவருக்குக் கையொப்பமிட வழியில்லை. பழைய கம்ப்யூட்டரில் "பிரிண்ட்" என்று ஒரு யூசரை பாஸ்வேர்டோடு உருவாக்கி, அதை லேப்டாப்பின் கிரெடென்ஷியல் மேனேஜரில் சேமியுங்கள். பழைய கம்ப்யூட்டரில் நெட்வொர்க் "பப்ளிக்" என்று மாறியிருக்கிறதா என்பதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். பப்ளிக் என்றால் ஃபயர்வால் ஷேரிங்கையே மூடிவிடும்.

கேள்வி: போன வருடம் பிரிண்டரை ஆன் செய்தாலே பேப்பர் பேப்பராக ஏதோ கிறுக்கியது. "போஸ்ட்", "ஐபிபி", "எச்டிடிபி" என்று இருந்தது. வைரஸா?

பதில்: இல்லை. 2025 ஜனவரி கடைசியில் வந்த முன்னோட்ட அப்டேட்டுக்கு அப்புறம் சில யுஎஸ்பி பிரிண்டர்களில் வந்த பிழை அது. பிரிண்டருக்கும் விண்டோஸுக்கும் இடையில் ரகசியமாக நடக்கவேண்டிய பேச்சு பேப்பரில் அச்சாகிவிட்டது. பின்னால் வந்த அப்டேட்களில் சரி செய்துவிட்டார்கள்.

கேள்வி: எங்களிடம் உபுண்டு லினக்ஸில் கப்ஸ் என்ற பிரிண்ட் சர்வர். மேம்படுத்தி ரீஸ்டார்ட் செய்த பிறகு ஒரு பிரிண்டர் நின்றே கிடக்கிறது.

பதில்: "lpstat -t" போட்டுப் பாருங்கள், "டிசேபிள்ட்" என்று இருக்கும். சர்வர் எழும்போது பிரிண்டர் அணைந்திருந்தால், முதல் வேலை தோற்றதும் கப்ஸ் அந்த கியூவை நிறுத்திவிடும். "கப்ஸ்எனேபிள்" என்று அடித்து பிரிண்டர் பெயரைக் கொடுத்தால் எழுந்துவிடும். எர்ரர் பாலிசியை "ரீட்ரை ஜாப்" ஆக மாற்றிவிட்டால் அடுத்த முறை நீங்கள் எழுப்பத் தேவையில்லை.

கேள்வி: ஜவுளிக்கடை. டாட் மேட்ரிக்ஸில் பில் அடிக்கிறோம், தொடர் பேப்பர். டிரைவரை மறுபடி போட்டதிலிருந்து முதல் பில் சரியாக விழுகிறது, இரண்டாவது மேலே ஏறுகிறது, மூன்றாவது இன்னும் ஏறுகிறது. தீபாவளி வேறு வருகிறது சார்.

பதில்: ஒவ்வொரு பில்லுக்கும் எவ்வளவு ஏறுகிறது என்று ஸ்கேல் வைத்து அளந்தீர்களா? சரியாக ஒரு அங்குலம் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். உங்கள் பேப்பர் 12 அங்குலம், புது டிரைவர் எடுத்துக்கொண்டது லெட்டர் அளவு, 11 அங்குலம். பிரிண்டர் 11 அங்குலத்தில் பக்கம் முடிந்தது என்று நினைத்து அடுத்த பில்லைத் தொடங்குகிறது. நீங்கள் முன்பு யாரோ உருவாக்கிவைத்த அளவைத்தான் பயன்படுத்தியிருப்பீர்கள், அது இப்போது தேர்வில் இல்லை.

பிரிண்டர்ஸ் அமைப்பில் "பிரிண்ட் சர்வர் ப்ராப்பர்டீஸ்" திறந்து, ஃபார்ம்ஸ் பக்கத்தில் "புதிய ஃபார்ம்" என்பதை டிக் செய்து, அகலம் 10, உயரம் 12 அங்குலம் என்று அளவும் ஒரு பெயரும் கொடுத்துச் சேமியுங்கள். அப்புறம் பலர் தவறும் இடம்: அந்த அளவை "ப்ரிஃபரன்ஸஸ்" பொத்தானில் தேர்ந்தால் உங்கள் லாகினுக்கு மட்டும்தான். அட்வான்ஸ்ட் பக்கத்தில் இருக்கும் "பிரிண்டிங் டிஃபால்ட்ஸ்" வழியாகத் தேருங்கள், எல்லா கவுண்டருக்கும் போகும். பேப்பரைக் கிழிக்கும் ஓட்டைக்கோட்டோடு ஒட்டவைத்து மூன்று பில் அடித்துப் பாருங்கள்.

கேள்வி: இவ்வளவு தொல்லைக்கு அப்டேட்டையே நிறுத்திவைத்தால் என்ன?

பதில்: அப்டேட்டே குற்றவாளியாக இருந்ததும் உண்டு. 2021 மார்ச் 9 அப்டேட்டுக்குப் பின் சில பிராண்ட் பிரிண்டர்களுக்கு அச்சு கொடுத்தாலே கம்ப்யூட்டர் நீலத்திரை காட்டி விழுந்தது. ஆனால் ஆறே நாளில், 15-ஆம் தேதி, மாற்று வந்துவிட்டது. அதனால் ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள், ஒரு கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள், அப்புறம் மற்றவற்றில். சர்வரில் போடுமுன் பிரிண்ட் மேனேஜ்மென்ட்டில் எக்ஸ்போர்ட் கொடுத்தால் கியூ, போர்ட், டிரைவர் மொத்தமும் ஒரே ஃபைலில் வந்துவிடும். ஐந்து நிமிட வேலை. அப்டேட்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வருபவை. இந்த மாதத்ததை நீக்கினால் அடுத்த மாதத்ததில் அதே மாற்றம் மறுபடி வந்து உட்காரும். முதலில் கேட்ட ஆடிட்டர் ஆபீஸ் தம்பியிடமே கேளுங்கள்.

(ஆடிட்டர் ஆபீஸ் தம்பியின் மறுமொழி: அண்ணா, இரண்டும் விண்டோஸ் 7-தான். லோக்கல் போர்ட் வழியில் ஒன்றில் வந்துவிட்டது. இன்னொன்றில் "ஆக்சஸ் டினைட்".)

பதில்: அந்த இரண்டாவதில், ஹோஸ்டில் இருக்கும் யூசர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து ஷேரை ஒருமுறை எக்ஸ்ப்ளோரரில் திறந்து, நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு போர்ட்டை உருவாக்குங்கள். லேன் துளை இருக்கிறதா என்று கேட்டேனே, அதற்கு பதிலைக் காணோம்.