சட்டியா, கோப்பையா?

கேள்வி: மட்டக்களப்பு, கல்லடியில் எருமைத் தயிரை வாட்ஸ்அப்பில் ஓடர் எடுத்து வீடுகளுக்குக் கொடுக்கிறோம். 400 வாடிக்கையாளர்கள். போன மாதம் சட்டியை விட்டுப் பிளாஸ்டிக் கோப்பைக்கு மாறினோம், விலையைக் குறைத்தோம், பின்னேர டிலிவரியும் தொடங்கினோம். விற்பனை ஏறியது, இந்த மாதம் விழுந்துவிட்டது. எது பிழையாய்ப் போனது? அருகிலுள்ள காத்தான்குடிக்கும் விற்கப் போகலாமா?
– வாசகி, கல்லடி

பதில்: மூன்றையும் ஒன்றாக மாற்றியதால் எது பிழையாய்ப் போனது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. என் சந்தேகம் கோப்பையின் மேல்தான். சட்டி தண்ணீரை உறிஞ்சித் தயிரை இறுக்கும். பிளாஸ்டிக்கில் தண்ணீர் மேலே நிற்கும். விலைக்காக ஒருமுறை வாங்கியவர் திரும்பி வரமாட்டார். ஆனால் சந்தேகத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம், சோதித்துப் பாருங்கள்.

தொலைபேசி இலக்கத்தின் கடைசி எண் ஒற்றையானவர்களுக்குச் சட்டி, இரட்டையானவர்களுக்குக் கோப்பை. விலையும் நேரமும் இரு பக்கமும் ஒன்றே. இரண்டையும் ஒரே 14 நாட்களில் நடத்துங்கள். போன மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிட்டால் நோன்பும் திருவிழாவும் கணக்கைக் குழப்பிவிடும். எண்ண வேண்டியது முதல் ஓடரை அல்ல, இரண்டாவது ஓடரை.

கோப்பைப் பக்கம் 200 பேரில் 40 பேர் திரும்ப வாங்கி, சட்டிப் பக்கம் 46 பேர் வாங்கினால் அது தற்செயலாகவும் இருக்கலாம். 60ஐத் தாண்டினால் நம்பலாம். இந்த எல்லையைத் தொடங்குமுன்பே கொப்பியில் எழுதிவையுங்கள். ஐந்தாம் நாள் சட்டி முந்துகிறது என்று பாதியில் நிறுத்துவதுதான் பலரும் விடும் பிழை.

இன்னொரு பொறி: ஒரே செய்தியைப் பலருக்கு ஒன்றாக அனுப்பும் வாட்ஸ்அப் பிரோட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர்தான் அடங்குவர், அதிலும் உங்கள் இலக்கத்தைச் சேமித்து வைத்திருப்பவருக்கே செய்தி போகும். ஆகவே செய்தி போய்ச் சேர்ந்தவர்களை மட்டும் இரு பக்கமும் கணக்கில் எடுங்கள்.

விலைச் சோதனையை வீட்டுக்கு வீடு செய்யாதீர்கள். ஒரு ஒழுங்கைக்குள் கதை பரவ அரை நாள் போதும். பிறகு கணக்கும் போச்சு, பெயரும் போச்சு.

காத்தான்குடிக்குப் புது மோட்டார் சைக்கிளோ பிரிட்ஜோ இப்போது வேண்டாம். இணையத்தில் சப்பாத்து விற்கும் அமெரிக்காவின் ஸப்போஸ் நிறுவனம் 1999இல் கடைகளில் இருந்த சப்பாத்துகளைப் படமெடுத்து இணையத்தில் போட்டது. ஓடர் வந்த பிறகே கடையில் வாங்கி அனுப்பியது. நீங்களும் ஒரு வெள்ளிக்கிழமைக்கு முன்பணத்தோடு ஓடர் எடுங்கள். "நல்லம், வாங்குவோம்" என்ற வாய்ப்பேச்சு கணக்கில் சேராது. பெட்ரோலையும் ஆள்கூலியையும் கட்ட எத்தனை சட்டி விற்க வேண்டும் என்று முதலே பாருங்கள். அதற்குக் குறைந்தால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.