போர் விமானத்தில் ஒவ்வொரு கருவிக்கும் தனிக் கணினி வைக்காமல் ஏன் ஒன்றாக இணைக்கிறார்கள்?

தனித்தனிப் பெட்டி என்றால் ஒவ்வொன்றுக்கும் தனி மின்சாரம், தனிக் குளிரூட்டல், கிலோ கணக்கில் வயர். எஃப்-22 விமானத்தில் ரேடார், மின்னணுப் போர்க் கருவி போன்றவற்றின் தரவு பொதுச் செயலிகளுக்கே போகிறது.

சேர்ப்பது சுலபம், பிரித்து வைப்பதுதான் பெரும்பாடு. ஒரே செயலியில் இரண்டு நிரல் ஓடும்போது ஒன்று தொங்கினால் மற்றது சாகக் கூடாது. அதற்குத்தான் ஏரிங்க் 653 என்ற விமான மென்பொருள் தரநிலை: ஒவ்வொன்றுக்கும் தனி நினைவகம், முன்பே குறித்த மில்லிசெகண்ட்கள். முறை முடிந்தால், வேலை பாதியில் நின்றாலும், இடத்தைக் காலி செய்தாக வேண்டும்.

கருவிகளை இணைக்க, 1978-இல் வந்த அமெரிக்க ராணுவத் தரநிலையான மில்-எஸ்டிடி-1553பி தரவுப் பாதை (பஸ்) இன்னமும் புழங்குகிறது. நொடிக்கு 1 மெகாபிட்தான். வீட்டு வைஃபை சிரிக்கும். ஆனால் பாதையை நிர்வகிக்கும் பஸ் கன்ட்ரோலர் கேட்காமல் எந்தக் கருவியும் வாய் திறக்காது. பதில் வரும் நேரம் கச்சிதம். ரேடாரின் கச்சாத் தரவுக்கு அது போதாது, அங்கே ஒளியிழை.