பெட்டியின் பக்கக் கதவைத் திறந்து பாருங்கள்

கேள்வி: அக்கா, என்னுடைய கொம்பியூட்டர் 2019இல் வாங்கியது. ரைசன் 5 2600 ப்ரொசஸர், பி450 மதர்போர்ட், 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்ட். பவர் சப்ளை கேசிங்கோடு வந்த 450 வொட். மொனிட்டர் 1080பி, 75 ஹேர்ட்ஸ். கேம்களில் வலரன்ட் பரவாயில்லை, சைபர்பங்க் 2077 போட்டால் ஃபோட்டோ ஆல்பம் புரட்டுவது மாதிரி இருக்கிறது. கையில் ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபா உண்டு. நாலைந்து மாதத்துக்கு ஒரு தடவை நாற்பதாயிரம் சேர்க்கலாம். கடையில் "எல்லாம் பழசு, மொத்தமாக மாற்றுங்கள்" என்கிறார்கள். நண்பன் ஆர்டிஎக்ஸ் 4060 கார்ட் வாங்கச் சொல்கிறான். எனக்கு 3060 மேல் ஒரு கண். பிறகு ஒருநாள் 1440பி மொனிட்டரும் வாங்க ஆசை. எதை முதலில் வாங்குவது?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: தம்பி, பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் பதினொரு வருடம் திருத்த மேசையில் இருந்தவள் நான். "மொத்தமாக மாற்றுங்கள்" என்ற வசனத்தை நானும் முதலாளிக்காக எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கு அது தேவையில்லை. பி450 போர்டில் பயோஸை, அதாவது போர்டுக்குள்ளேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருளை, புதுப்பித்துவிட்டால், 2022இல் வந்த ரைசன் 5 5600 அதே சொக்கெட்டில் உட்காரும். புதுப்பிக்கும் வேலையைப் பழைய ப்ரொசஸர் போர்டில் இருக்கும்போதே செய்துவிட வேண்டும். ரேமும் அப்படியே இருக்கலாம். ஆகவே துண்டு துண்டாகத்தான் மாற்றப் போகிறீர்கள். கேள்வி வரிசை பற்றியது மட்டும்தான்.

இப்போது பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றி, பவர் சப்ளையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை வாசியுங்கள். மேலே பெரிதாக 450 என்று இருக்கும். அதை விடுங்கள். +12வி என்ற கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். கேசிங்கோடு இலவசமாக வரும் சிலவற்றில் 18 ஆம்பியர்தான் இருக்கும். 12ஐ 18ஆல் பெருக்கினால் 216 வொட். ப்ரொசஸரும் கிராபிக்ஸ் கார்ட்டும் சாப்பிடுவது இந்தப் பக்கத்திலிருந்துதான். ஆர்டிஎக்ஸ் 3060 மட்டும் 170 வொட் கேட்கும், உங்கள் ரைசன் 65. கணக்கு இங்கேயே உதைக்கிறது. 1050 டிஐ 75 வொட்டுக்குள் அடங்கி, தனி வயர்கூடக் கேட்காமல் ஓடியதால்தான் இவ்வளவு காலமும் பிரச்சினை தெரியவில்லை.

2022 மின்வெட்டுக் காலம் ஞாபகம் இருக்கும். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் ஒரு இரவு கரண்ட் திரும்பி வந்த கையோடு "டப்" என்று ஒரு சத்தம், பிறகு கருகின மணம். அப்படியொரு மலிவுப் பவர் சப்ளைதான். தான் போனதோடு மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற நான் என் பெட்டிக்கு மட்டும் காசு பார்த்தேன். டொலர் 200 ரூபாவிலிருந்து 350ஐத் தாண்டி ஏறிய அந்த வருடத்தில் புது போர்ட் வாங்க வேண்டி வந்தது. ஆகவே முதல் செலவு 550 அல்லது 650 வொட், 80 பிளஸ் பிரோன்ஸ் தரம் (மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்ற சான்று) உள்ள, பெயர் தெரிந்த பவர் சப்ளை. மிஞ்சுவதுதான் கார்ட்டுக்கான காசு.

கார்ட் வாங்குவதற்கு முன் இன்னொரு சின்னச் சோதனை. சைபர்பங்க்கில் ரெசலூஷனை 720பிக்கு இறக்கிப் பாருங்கள். ஃபிரேம், அதாவது நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை, துள்ளி ஏறினால் தடை கார்ட்டில்தான். ஏறாமல் அப்படியே நின்றால் ப்ரொசஸரில். உங்களுடையது முதல் வகை என்றுதான் நினைக்கிறேன். 1050 டிஐ 2016இல் வந்தது, 4 ஜிபி. என்விடியா அதற்குக் கேம் டிரைவர் கொடுப்பதையும் 2025 ஒக்டோபரோடு நிறுத்திவிட்டது. வலரன்ட் வேறு கதை. அது ப்ரொசஸரை நம்பி ஓடும் கேம். 75 ஹேர்ட்ஸ் மொனிட்டரில் 200 ஃபிரேம் வந்தாலும் நொடிக்கு 75 படத்துக்கு மேல் காட்டாது. அதற்காகக் கார்ட் வாங்காதீர்கள்.

சரி, 3060ஆ, 4060ஆ? பொதுவாகக் கேட்டால் 4060 என்பேன். வேகம் கூட, 115 வொட்தான் குடிக்கும், சூடும் குறைவு. கொழும்புப் புழுக்கத்தில் ஏசி இல்லாத அறைக்கு அது சின்ன விஷயமில்லை. ஆனால் நீங்கள் கேட்பது உங்கள் பெட்டிக்கு. பி450 போர்டில் கார்ட் உட்காரும் ஸ்லொட் பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 வகை. 4060 அந்த ஸ்லொட்டில் எட்டு லேன் (தரவு போகும் தடம்) தான் பாவிக்கும், 3060 பதினாறையும் பாவிக்கும். எட்டு லேன் என்றால் நொடிக்குச் சுமார் 8 ஜிபி போகிற பாதை. கார்ட்டின் சொந்த மெமரிக்குள் கேம் அடங்கும்வரை அந்த ஒடுக்கம் பெரிதாகத் தெரியாது. 4060இன் 8 ஜிபி நிரம்பி வழியத் தொடங்கினால்தான் வினை. மிச்சத்தை ரேமிலிருந்து அந்த ஒற்றையடிப் பாதையால் இழுக்க வேண்டும், திரை விக்கி விக்கி ஓடும். 1080பியில் சுமார் 20 லட்சம் புள்ளிகள், 1440பியில் 37 லட்சம்; புள்ளி கூடினால் மெமரியும் கூட வேண்டும். அந்த மொனிட்டர் ஆசை உண்மையானது என்றால், 12 ஜிபி உள்ள 3060தான் உங்கள் போர்டுக்குப் பொருத்தம். ஒரு வருடத்துக்குள் போர்டையும் மாற்றிவிடுவீர்கள் என்றால் நண்பன் சொல்வது சரி.

இதில் ஒரு குழி இருக்கிறது. 2022 கடைசியில் அதே 3060 என்ற பெயரில் 8 ஜிபி கார்ட் ஒன்றும் வந்தது. மெமரி மட்டும் குறையவில்லை, அதற்குப் போகும் பாதையும் 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகச் சுருங்கிவிட்டது. பொக்ஸில் பெரிய எழுத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், 12 ஜிபி என்று எழுதியிருக்க வேண்டும். இன்டெல் ஆர்க் பி580இலும் 12 ஜிபி உண்டு, நல்ல கார்ட்தான். ஆனால் ரீசைசபிள் பார் (ப்ரொசஸர் கார்ட்டின் முழு மெமரியையும் ஒரே தடவையில் எட்டும் வசதி) இல்லாத பெட்டியில் அது நொண்டும், பழைய ப்ரொசஸரோடு ஒத்துப்போகவும் மாட்டாது. உங்களுக்கு வேண்டாம்.

புதிதாக 3060 கிடைக்காமல் பாவித்த கார்ட் பார்க்கப் போனால் கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கார்ட்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் என்ற மென்பொருளைத் திறந்து 192 பிட் என்று இருக்கிறதா பாருங்கள், பிறகு இருபது நிமிடம் கேம் ஓடட்டும். 2022 செப்டெம்பரில், கார்ட்டுகளை இரவு பகலாக ஓட்டி எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் எடுக்கும் மைனிங் முடிந்தபோது கைமாறிய கார்ட்டுகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஃபேனை விரலால் மெல்லச் சுற்றிப் பாருங்கள், கரகரத்தால் வையுங்கள் கீழே. கடலோரத்து வீட்டிலிருந்து வந்த கார்ட் என்றால் பின்பக்கத் தகட்டைப் பார்த்தாலே தெரியும், உப்புக்காற்றுத் துரு பிடித்திருக்கும். எங்கள் வீட்டுக் கார்ட்டும் அப்படித்தான், அதனால் விற்க வெட்கமாக இருக்கிறது.

புதியது வாங்கினால், சொல்லும் விலையில் வற் 18 சதவீதம் சேர்ந்திருக்கிறதா என்று முதலே கேளுங்கள். வொரண்டி எத்தனை வருடம் என்பதை பில்லில் எழுதி வாங்குங்கள். அப்புறம் அடுத்த நாற்பதாயிரம் சேரும்போது ரைசன் 5 5600. மொனிட்டர் அதற்கும் பிறகு. முதலில் மொனிட்டரை வாங்கினால் கண் பழகிவிடும், கார்ட்டோ திணறும்.

கேள்வி: மகன் ஏ.எல். கணிதப் பிரிவு. படிப்புக்குக் கிராபிக்ஸ் கார்ட் கட்டாயம் தேவை என்கிறான். உண்மையா?
– ஒரு தாய், தெகிவளை

பதில்: இல்லை அம்மா. அவன் விளையாடக் கேட்கிறான். சோதனை முடிய வாங்கித் தாருங்கள், ஆனால் படிப்புக்கு என்று சொல்லி வாங்க விடாதீர்கள்.

கேள்வி: ஐ5 10400 ப்ரொசஸர் உள்ள பெட்டிக்கு ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்ட் போட்டேன். டிரைவரும் போட்டாயிற்று. கேம் முன்பு மாதிரியே இழுக்கிறது. கார்ட் பழுதா?
– வாசகர், வத்தளை

பதில்: பெட்டியின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். எச்டிஎம்ஐ வயரை இன்னும் மதர்போர்டில்தானே குத்தியிருக்கிறீர்கள்? 10400இன் உள்ளேயே ஒரு சின்னக் கிராபிக்ஸ் உண்டு, இப்போது படம் காட்டிக்கொண்டிருப்பது அதுதான். வயரைக் கழற்றி, கீழே கிடையாக இருக்கும் கார்ட்டின் துளையில் குத்துங்கள். கடைக்குக் கொண்டுபோய்த் திருத்தக் கூலி கொடுக்க முதல் எனக்கு எழுதினீர்களே, அதுவே லாபம். நான் இதற்குக் கூலி வாங்கிய நாட்களும் உண்டு.