பீரோல தூங்குற ஜாக்கெட் பிட்டும் பாப்பா விரிப்பும்

கேள்வி: அக்கா, என் ஃப்ரெண்டுக்கு இப்ப எட்டாவது மாசம், வளைகாப்பு முடிஞ்சிடுச்சு. கடையில வாங்காம என் கையாலயே பாப்பாவுக்கு ஒரு க்வில்ட் (துண்டு துணிய ஒட்டு சேத்து அடுக்கா தெக்கற விரிப்பு) தெச்சு குடுக்கணும்னு ஆச. கல்யாணம், கொலுன்னு தாம்பூலத்துல வந்த ஜாக்கெட் பிட்டே பீரோல முப்பது இருக்கும். அதுலயே முடிச்சிடலாமா, இல்ல எம்.சி. ரோடு துணிக்கடைக்கு போய் புதுசா எடுக்கணுமா? உள்ள பஞ்சு எவ்ளோ வெக்கணும்? மிஷின் சுமாரா ஓட்டுவேன்.
- வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: முப்பதா! நம்ம ஊர்ல ஜாக்கெட் பிட்டு தைக்கறதுக்கா வருது, அடுத்த வீட்டு தாம்பூலத்துக்கு போறதுக்குதானே வருது, நான் குடுத்த பச்ச பிட்டு ரெண்டு வருஷம் சுத்திட்டு எனக்கே திரும்பி வந்திருக்கு. அதனால மொதல்ல அதுல எது காட்டன்னு பிரிச்சுக்க. டூ பை டூ காட்டன்னு சொல்லி தர்றதுலயே பாலியஸ்டர் கலப்பு வருது, கையால தடவிப் பாத்து கண்டுபிடிக்க முடியாது. ஓரத்துல ரெண்டு நூல் உருவி சிங்க் பக்கத்துல வெச்சு கொளுத்து. காட்டன்னா பேப்பர் எரியிற வாசன வரும், சாம்பல தேச்சா பொடியா உதுந்துடும். பாலியஸ்டர்னா சுருண்டு உருகும், ஆறினதும் கடுகு மாதிரி கெட்டியா ஒரு உருண்ட நிக்கும். கடுகு நின்னதெல்லாம் பழையபடி தாம்பூலத்துக்கே போகட்டும். ஜரிக, சம்கி வெச்சதும் வேணாம்.

தேறினத எல்லாம் அலசாம கத்திரிய தொடாத. வெள்ளக்காரன் கம்பெனி ஏத்துமதி பண்ண துணிய வெளுக்கறவங்க இருந்த எடம்னுதான் உங்க பேட்டைக்கு அந்த பேரே வந்துச்சு, அங்க இருந்துகிட்டு அலசாம தெக்கலாமா சொல்லு. புது காட்டன் மீட்டருக்கு 3லேருந்து 5 சென்டிமீட்டர் கூட சுருங்கும். அத விட பெரிய தலவலி சாயம். எங்க அக்கா பேத்திக்கு தெச்சப்ப அரக்கு கலர் பிட்டு ஒண்ண அவசரத்துல அப்படியே வெச்சிட்டேன், மொத தடவ தொவச்சதுமே அடிப்பக்க வெள்ளத்துணி பூரா ரோஸ் ஆயிடுச்சு. கல்லுப்புல ஊற வெச்சா நிக்கும்னு எல்லாரும் சொல்லுவாங்க, நிக்கல. ஈரமா இருக்கும்போதே வெள்ளத்துணிய வெச்சு அழுத்தி தேச்சுப் பாரு, ஒட்டுச்சுன்னா இன்னொரு தடவ அலசு, அப்பவும் ஒட்டினா அந்த பிட்ட விட்டுடு.

அளவுக்கு 36க்கு 36 இஞ்சு போதும். ஆறர இஞ்சு சதுரமா 36 துண்டு வெட்டு, ஒம்பது பிட்டுல நாலு நாலு எடுத்தா கணக்கு சரியா வந்துடும். தையலுக்கு கால் இஞ்சு விடணும், அதுக்கு ஊசியிலேருந்து கால் இஞ்சு தள்ளி மிஷின் தகட்டுல டேப் ஒட்டிட்டு துணி ஓரத்த அது மேலயே ஓட விடு. வரிசைக்கு ஆறு துண்டா சேத்துட்டு, ஒரு வரிசைக்கு தையல் மடிப்ப எடது பக்கமும் அடுத்த வரிசைக்கு வலது பக்கமும் அயர்ன் பண்ணிக்கோ, அப்பதான் மூலைங்க முட்டிக்காம உக்காரும். கடைசில ஓரத்த சுத்தி மடிச்சு தெக்க ரெண்டர இஞ்சு அகலத்துல அஞ்சு பட்ட, அதையும் பிட்டுலயே எடுத்துடலாம். எம்.சி. ரோடு போறதா இருந்தா அடிப்பக்கத்துக்கு மல் காட்டன் (மெல்லிசான காட்டன்) ஒண்ணேகால் மீட்டர் மட்டும் எடு, மத்த கடைய திரும்பிப் பாக்காம வந்துடு (முடியாதுன்னு எனக்கும் தெரியும்).

பஞ்சா, நம்ம ஊர் வெயிலுக்கா? வேணவே வேணாம். உன் ஃப்ரெண்டோட அம்மாகிட்ட ஏணை கட்டி பழசாகி நைஞ்சுபோன காட்டன் பொடவ ஒண்ணு கேட்டு வாங்கு, அத ரெண்டு மடிப்பா நடுவுல வெய்யி. மேல கட்டம், நடுவுல பொடவ, அடியில மல், மூணையும் ஊக்கு குத்தி நிறுத்திட்டு நடுவுலேருந்து வெளிய தெச்சுகிட்டே போ, ஓரத்துலேருந்து ஆரம்பிச்சா நடுவுல பொடவ பொம்மிக்கும். காலைல காயப்போட்டா மத்தியானத்துக்குள்ள மடிக்கலாம், பஞ்சு வெச்சது இங்க மழக்காலத்துல காயாம வாட அடிக்கும்.

குடுக்கும்போது ஒண்ணு கண்டிப்பா சொல்லிடு, இது கீழ விரிச்சு பாப்பாவ குப்புற போட்டு வெளையாட விடத்தான், அதுவும் பக்கத்துல ஆள் இருக்கும்போது. ஒரு வயசு ஆகற வரைக்கும் தூங்கற பாப்பா மேல போத்தறதோ ஏணைக்குள்ள வெக்கறதோ கூடாது, மூஞ்சி மூடிகிட்டா அதுக்கு தள்ளிவிடத் தெரியாது. அப்புறம், பொறக்கறதுக்கு முன்னாடி பாப்பாவுக்கு எதுவும் சேக்கக்கூடாதுன்னு நெனைக்கற வீடும் இருக்கு, அவங்க எப்படின்னு கேட்டுக்க. அப்படி வீடுன்னா உனக்கும் நல்லதுதான், தெக்க டைம் கெடைக்கும்.

கேள்வி: மிஷின் இல்லாம இத கையாலயே தெக்க முடியுமா?
- வாசகி, ராயபுரம்

பதில்: முடியும்மா, ஒரு மாசம் புடிக்கும். கட்டம் சேக்கறது நெருக்கமா இருக்கணும், மேல ஓட்டுத் தையல் ரெண்டு வெரல் இடவெளி விட்டு வரிசையா போனா போதும். முடிச்ச மட்டும் வெளிய விடாத, நூல லேசா சுண்டி இழுத்தா முடிச்சு டொப்புன்னு துணிக்குள்ள போயிடும். வெளிய நின்னா பாப்பா வாய் நேரா அங்கதான் போகும்.